வெளுக்காத நீலம்

ஜனவரி 7, செவ்வாய்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக உறைமோர்க் கிண்ணத்தை எடுத்துக் கழுவுதொட்டியில் கவிழ்த்தேன். சோப்புத்தூளைக் கொட்டித் தேய்த்து, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றினேன். பிறகு வெறும் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பால் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் பல வருடமாக வேலை பார்க்கிறவள் நான். உறைமோரில் இருக்கும் கிருமி வேறு, என் வயிற்றில் இருக்கும் கிருமி வேறு என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் கவிழ்த்தேன்.

கோபம் ஆறியதும் எதிர்வீட்டு ரேவதியிடம் போய் ஒரு கரண்டி தயிர் வாங்கி வந்தேன். பால் கம்பெனிக்காரி வீட்டிலேயே தயிர் இல்லையா என்று சிரித்தாள். பூனை தட்டிவிட்டது என்றேன். எங்கள் வீட்டில் பூனை கிடையாது.

நேற்று ஈரோட்டில் டாக்டர் அருள்மொழி சொன்னதை எழுதி வைத்தால்தான் மனதில் நிற்கும் போலிருக்கிறது. போன மாதம் வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தபோது இரைப்பைச் சுவரில் ஒரு புண் இருந்தது. அதிலிருந்து கிள்ளி எடுத்த சதையின் முடிவு வந்துவிட்டது. புற்றுதான். மால்ட் லிம்ஃபோமா என்று பெயர். மெதுவாக வளரும் வகை. இரைப்பையைத் தாண்டவில்லை என்று ஸ்கேன் சொல்கிறது. அதே சதையில் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமியும் இருக்கிறது. அமிலத்துக்குள்ளேயே குடியிருக்கத் தெரிந்த கிருமி. அது வருடக்கணக்காக இரைப்பையைச் சீண்டிக்கொண்டிருக்க, அதை எதிர்க்கத் திரண்டு வந்த அணுக்களே கடைசியில் தறிகெட்டுப் பெருகிவிட்டன. காவலுக்கு வந்தவர்கள் கலவரத்தில் இறங்கிய கதை.

"கிருமி இருக்கற வரைக்கும் இந்தப் புற்றுக்குத் தீனி இருக்கு," என்றார் டாக்டர். "கிருமிய முழுசா அழிச்சுட்டா நிறைய பேருக்கு இது தானாவே சுருங்கிடுது. அதனால மொதல்ல கத்தியும் வேண்டாம், கீமோவும் வேண்டாம். ரெண்டு வாரம் ஆன்டிபயாடிக்."

எல்லாருக்கும் அப்படிப் போய்விடுமா என்று கேட்டேன். எல்லாருக்கும் இல்லை என்று மறைக்காமல் சொன்னார். அதனாலேயே அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

இவர், என் வீட்டுக்காரர், கேட்டது ஒரே கேள்வி. இது ஒட்டுவாரொட்டியா? பெரும்பாலும் சின்ன வயதிலேயே வந்துவிடும், ஒரே வீட்டில் இருப்பவர்களுக்குள் பரவவும் வாய்ப்பு உண்டு, நீங்களும் ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது என்றார் டாக்டர். "எனக்கென்னங்க, நான் கல்லாட்ட இருக்கறேன்" என்று இவர் எழுந்துவிட்டார். திரும்பும் வழியில் சித்தோட்டில் பைக்கை நிறுத்தி எலுமிச்சை சோடா குடித்தார். ஒன்று போதாமல் இன்னொன்றும் குடித்தார். துக்கத்தை இப்படித்தான் முழுங்குகிறார் என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

இந்த டைரி மாட்டுத் தீவனக் கம்பெனிக்காரர்கள் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு யோசனை அச்சடித்திருக்கிறார்கள். இன்றையது: கறவை மாட்டைக் கனிவாக நடத்துங்கள். எனக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்கிறேன்.

ஜனவரி 8, புதன்

மாத்திரை ஆரம்பம். காலையும் மாலையும் ஒரு கைப்பிடி.

மதியம் இரண்டு தட்டு வைத்தேன். இதைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும்.

இவர் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். காலை ஷிப்ட் முடிந்து நான் வீட்டுக்கு வருவதும் இவர் சாப்பிட வருவதும் ஒரே நேரத்தில். இவர் சாப்பிட்டு எழுந்த தட்டிலேயே நான் உட்கார்ந்து சாப்பிடுவேன். கல்யாணமான புதிதில் மாமியார் சொல்லிச் செய்தது. வேதியியல் படித்துவிட்டு எச்சில் தட்டில் சாப்பிடுவதா என்று உள்ளுக்குள் குமைந்திருக்கிறேன். மாமியார் காலத்துக்குப் பிறகு யாரும் கட்டாயப்படுத்தவில்லை; ஆனாலும் வழக்கம் தொடர்ந்தது. காரணம் பக்தி இல்லை. ஈஸ்வரமூர்த்தி என்கிற இந்த மனிதர் வாயைத் திறந்து எதையும் சொல்ல மாட்டார். தட்டு சொல்லும். கடையில் யாருடனாவது மனத்தாங்கல் என்றால் பொரியல் தொடாமல் இருக்கும். மனசு நன்றாக இருந்தால் தட்டு வழித்திருக்கும், ஓரத்தில் எனக்கென்று ஒரு வடகம் மட்டும் உட்கார்ந்திருக்கும். இவரைக் கேட்டுத் தெரிந்துகொண்டதைவிடத் தட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான் அதிகம்.

சில மாதமாக மிச்சம் கூடிக்கொண்டே வந்தது. என் வயிற்று எரிச்சலில் உப்பு புளியைச் சரியாகப் பார்ப்பதில்லை, அதனால் சமையல் ருசிக்கவில்லை போல என்று இருந்தேன்.

இரண்டாவது தட்டைப் பார்த்ததும் இவர் சொன்னார்: "கண்ணுக்குத் தெரியாத ஒருத்தன் வந்து நம்ம குடும்பத்தப் பாகம் பிரிச்சுட்டானே அம்மிணி."

கிருமிக்குக் 'குடித்தனக்காரன்' என்று பெயர் வைத்துவிட்டார். அவன் காலி செய்ததும் வெள்ளையடித்துவிடலாமாம்.

ஜனவரி 11, சனி

வாயெல்லாம் துருப்பிடித்த ஆணியைச் சப்பியதுபோல் கிடக்கிறது. வாந்தி வந்தால் மாத்திரையும் வெளியே வந்துவிடும். ஆகவே வாந்தி எடுக்கவில்லை.

ஜனவரி 15, புதன். மாட்டுப்பொங்கல்

கோயம்புத்தூரிலிருந்து சபாபதி அண்ணனும் அவன் மனைவி வளர்மதி நங்கையும் வந்தார்கள். நங்கையாளுக்கு விஷயம் தெரிந்திருந்ததால் வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினாள். அண்ணன் கலங்கவில்லை. உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டான்.

"அல்சருக்குக் குடுக்கற மாத்திரையக் குடுத்துப் புத்துநோவப் பாக்கறாங்களாமா? ஊரே சிரிக்கும் கோகிலா."

"ஊருக்கு நான் இன்னும் சொல்லலீங்ணா."

அங்கே பெரிய அறுவை நிபுணர் ஒருவரைப் பேசி வைத்திருக்கிறான். இரைப்பையில் பாதியை எடுத்துவிட்டால் பிரச்சினை அதோடு முடிந்ததாம். மீதிப் பாதிக்கு எத்தனை இட்லி போடுவது என்று கேட்டேன். இவர் மட்டும்தான் சிரித்தார். அண்ணனுக்குக் கோபம் இவர்மேல் திரும்பியது.

"மாப்ள, நீங்களாச்சும் சொல்லுங்க."

"அவ வகுறு மச்சான். அவ முடிவு பண்ணட்டும்."

அண்ணனைக் குறை சொல்ல முடியாது. எங்கள் அம்மாவும் வயிற்றுப் புற்றில்தான் போனாள். அல்சர் என்று மாத்திரையாகத் தின்று, புற்று என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. கடைசியில் அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிப் படிகளில் ஏறியவன் அவன். மாத்திரை என்ற சொல்லே அவனுக்கு ஆகாது. அம்மாவுக்கு வந்தது வேறு வகை, ஆனாலும் இதே கிருமி அதற்கும் அடிபோட்டிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அம்மாவின் கையிலிருந்து எனக்கு வந்ததா, யாருக்குத் தெரியும். அண்ணனிடமும் இருக்கலாம். நீங்களும் சோதித்துக்கொள்ளுங்கள் என்றதற்கு, என் பேச்சை விடு என்றான்.

கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். கிருமி முழுவதும் போன பிறகும் புற்று சுருங்கவில்லை என்றால் நானே அவனோடு கோயம்புத்தூருக்குக் கிளம்பிவிடுவேன். அதுவரை யாரும் என் இரைப்பையைப் பங்கு போடக்கூடாது. சென்னை விடுதியில் தங்கிப் படிக்கும் எங்கள் மகள் சம்யுக்தாவுக்குப் பரீட்சை முடியும்வரை அல்சர் என்று மட்டும்தான் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் தலையாட்டினான். ஒன்றுக்குத்தான் மனதார ஆட்டினான்.

எல்லாருக்கும் இலை போட்டோம். இவர் தன் இலையைத் தானே மடித்து எடுத்துக்கொண்டு போய் வெளியே போட்டார். கல்யாணமானதிலிருந்து இப்போதுதான் பார்க்கிறேன். நோயாளி மனைவிக்கு உதவுகிறாராம். நங்கையாள் அண்ணனை இடித்து, "மாப்பிள்ளையப் பாத்துக் கத்துக்குங்க" என்றாள்.

ஜனவரி 21, செவ்வாய்

கடைசி வேளை மாத்திரையும் முடிந்தது. ஒரு வேளைகூடத் தவறவில்லை. இனி அமிலத்தை அடக்கும் மாத்திரை மட்டும் புண்ணுக்காகத் தொடர வேண்டும்.

இவர் ஆணியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டார். என்னைப் பற்றிய கவலையில் இளைத்துவிட்டார். பெண் பார்க்க வந்தபோது இருந்த மாதிரி இருக்கிறீர்கள் என்றேன். சந்தோஷப்பட்டதுபோல் சிரித்தார்.

பிப்ரவரி 12, புதன்

கம்பெனியில் இன்று பெரிய ரகளை. நேற்று உறைக்கு விட்ட தயிர்த்தொட்டி ஒன்று உறையவே இல்லை. காலையில் திறந்தால் பால் பாலாகவே நிற்கிறது. மேலாளர் வந்து, ஆய்வுக்கூடம் எதைப் பார்த்துப் பாஸ் போட்டது என்று என்னைக் கேட்டார்.

நியாயமான கேள்வி. வரும் பாலில் ஒரு துளி நீலச் சாயம் விட்டு, சோதனைக் குழாயை வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தி வைப்போம். பாலில் கிருமி மிகுந்திருந்தால் நீலம் சீக்கிரமே வெளுத்துவிடும். நல்ல பாலில் நீலம் அப்படியே நிற்கும். நேற்றைய குழாய்களை எடுத்துப் பார்த்தேன். எங்களுக்குப் பால் ஊற்றுகிறவர்களில் பொன்னாத்தா அக்கா ஊற்றிய பால் மட்டும் இன்னமும் நீலமாகவே நின்றது. மற்ற எல்லாம் வெளுத்த பிறகும், பாட்டில் மையைப் போல. அவ்வளவு சுத்தமான பால் எந்த மாட்டின் மடியிலிருந்தும் வராது.

பொன்னாத்தா அக்காவை வரச் சொன்னேன். மாட்டுக்கு ஊசி போட்டீர்களா என்றதற்கு, பண்ணாரி அம்மன்மேல் ஆணையாக இல்லை என்றாள். வேறு மருந்து?

"மருந்தெல்லாம் ஒண்ணுமில்லீங் அம்மிணி. மடி கல்லாட்ட வீங்கிக்கிச்சு. காம்புக்குள்ள ஒரு டியூப்பப் பிதுக்கி உட்டேன். அதப்போயி மருந்துன்னா எப்படிங்?"

அந்த டியூப்பு முழுக்க ஆன்டிபயாடிக். பாலோடு கலந்து வந்து, சாயத்தை வெளுக்க வேண்டிய கிருமியையும் தயிரை உறைய வைக்க வேண்டிய கிருமியையும் சேர்த்து அடக்கிவிட்டது. மருந்து நிறுத்தி, காலம் விட்டு, பிறகு ஊற்றுங்கள் என்று அனுப்பினேன். அவள் பொய் சொல்லவில்லை. அவள் கணக்கில் அது மருந்தே இல்லை, அவ்வளவுதான். மேலாளரிடம், நீலத்தை நான் நம்பியிருக்கக்கூடாது என்று ஒத்துக்கொண்டேன்.

வீட்டில் ரேவதி கொடுத்த உறையில் தயிர் கட்டியாக விழுகிறது. முன்னைவிடப் புளிப்புக் குறைவு.

பிப்ரவரி 17, திங்கள்

அடுத்த மாதம் மூச்சுச் சோதனை. இன்றிலிருந்து அமில மாத்திரையையும் நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். அது உடம்பில் இருந்தால் கிருமி பதுங்கிக்கொள்ளுமாம்; இருந்தும் இல்லை என்று சோதனை சொல்லிவிடுமாம்.

இவரையும் சோதனைக்கு இழுத்துவிட்டேன். லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. "நீங்க வரலைன்னா நானும் போகலீங்க" என்று சொல்லி மூன்று வேளை முகம் கொடுக்காமல் இருந்த பிறகு இறங்கி வந்தார். ஆஸ்பத்திரி நர்ஸ் போனில் இவரிடமும் அதையே சொன்னாள். வயிற்றுக்கான மாத்திரை எதுவாக இருந்தாலும் நிறுத்திவிட வேண்டும். போனை வைத்துவிட்டு, "நான் என்னத்த நிறுத்தறது, டீயவா?" என்றார்.

எனக்கு எரிச்சல் திரும்ப ஆரம்பித்திருக்கிறது. மாத்திரை இல்லாததால் இருக்கும். அப்படியே எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 24, திங்கள்

காலையில் பார்த்தால் இவர் பக்கத்துத் தலையணைகள் எல்லாம் சுவரோரம் அடுக்கியிருந்தன, சாய்ந்து உட்கார வைத்ததுபோல. குறட்டை விட்டு என்னை எழுப்பிவிடக்கூடாது என்று உட்கார்ந்தே தூங்கினாராம். இந்த மனிதருக்கு என்மேல் இவ்வளவு அக்கறை இருப்பதைத் தெரிந்துகொள்ள எனக்குப் புற்று வர வேண்டியிருந்தது.

மார்ச் 3, திங்கள்

சோதனை எளிதாகத்தான் இருந்தது. ஒரு கேப்ஸ்யூலை விழுங்கச் சொன்னார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஓர் அட்டையைக் கொடுத்து, அதன் நிறம் மாறும்வரை ஊதச் சொன்னார்கள். கிருமி இருந்தால் அந்தக் கேப்ஸ்யூலில் உள்ளதை உடைத்துவிடும். உடைந்ததன் அடையாளம் மூச்சில் வந்து அட்டையில் பிடிபட்டுவிடும். நர்ஸ் இருவரிடமும் கேட்டாள், மாத்திரை எதுவும் சாப்பிடவில்லைதானே என்று. இல்லை என்றேன். இவரும் இல்லை என்றார்.

இவர் கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதியதைப் பார்த்து, பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர், நாதஸ்வரம் கத்துக்கிட்டவங்களா என்று கேட்டுவிட்டார்.

மார்ச் 5, புதன்

எனக்கு இருக்கிறது. இவருக்கு இல்லை.

முதலில் அதை மட்டும்தான் எழுத முடிந்தது. டைரியை மூடி வைத்து, துவரம்பருப்பைக் கொட்டிக் கல் பொறுக்கி, மறுபடியும் திறந்திருக்கிறேன். ஒரு வேளைகூடத் தவறாமல் விழுங்கினேன். குடித்தனக்காரன் நகரவில்லை. சில கிருமிகள் முதல் மருந்துக்கு அசையாது, அது உங்கள் தவறில்லை என்று டாக்டர் போனில் சொன்னார். அடுத்த சுற்றுக்கு வேறு நான்கு மருந்துகள். அவற்றில் ஒன்றுக்குப் பால் பகை. மாத்திரை சாப்பிடும் நேரத்தில் பால், தயிர், மோர் எதுவும் உள்ளே போகக்கூடாது. பால் கம்பெனிக்காரிக்கு வந்த சோதனை.

அண்ணனிடம் நானே சொன்னேன்.  "இன்னும் எத்தன தடவ கோகிலா?" என்றான். கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். இன்னும் ஒரு தடவை என்றேன். ஒப்பந்தம் கிருமி போன பிறகுதான் தொடங்குகிறது, கிருமி இன்னும் போகவில்லை என்றேன். 

இவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எனக்கு இருப்பதற்காக வருத்தப்பட்டார், உண்மையாகவே. ஆனால் தன்னுடைய முடிவுத் தாளைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கல்லாட்ட இருக்கிறேன் என்ற மனிதர், கல் என்று தாளில் படித்த பிறகுதான் நம்பியதுபோல் இருந்தது.

மார்ச் 8, சனி

துவைக்க எடுத்தபோது இவருடைய காக்கிச் சட்டைப்பையில் தீர்ந்துபோன மாத்திரை அட்டை ஒன்று இருந்தது. அதே அமில மாத்திரை. என்னுடையதாக இருக்கும் என்று நினைத்தேன். என்னுடையது வேறு கம்பெனி. கடைக்குப் போடும் இன்னொரு சட்டையிலும் பார்த்தேன். அதிலும் இருந்தது.

ஜன்னலில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

போனதும் முதலில் கண்ணில் பட்டது நீலம்தான். தண்ணீரில் வரிசையாகக் குழாய்கள். பொன்னாத்தா அக்காவின் பால் இப்போது ஒழுங்காக வெளுக்கிறது. நான் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். மருந்து உள்ளே இருந்தால் கிருமி அடங்கிக் கிடக்கும். குழாய் நீலமாகவே நிற்கும். ஊதிய அட்டை, கிருமி இல்லை என்று சொல்லும். இவருடைய முடிவு சுத்தம் அல்ல. வெளுக்காத நீலம்.

சோடா. இலை. பெல்ட். தலையணை. எல்லாவற்றையும் இந்த டைரியில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு காரணமும் எழுதியிருக்கிறேன், எல்லாம் என்னைச் சுற்றியே. தட்டைப் பிரித்திராவிட்டால் எனக்குத் தெரிந்திருக்கும். இல்லை, அதுவும் பொய். தட்டு ஒன்றாக இருந்தபோதே அது சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

மார்ச் 9, ஞாயிறு

காலைச் சாப்பாட்டுக்கு முன் அந்த அட்டைகளை இவர் முன்னால் வைத்தேன்.

"எப்பருந்துங்க?"

"தீவாளிக்கு முன்னாடி இருந்து. வாயுக்கு. மெடிக்கல்ல மிட்டாயாட்டக் குடுக்கறாங்க. அதெல்லாம் மருந்துல சேத்தியா?"

"நர்ஸ் கேட்டாங்கல்லங்க?"

"கேட்டாங்க."

அட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார். பிறகு, "ரெண்டு நாள் நிறுத்திப் பாத்தேன் அம்மிணி. முடியல" என்றார்.

காயில் கட்டி ஓட்டிப் பார்த்த மோட்டார் கையைப் பிடித்து இழுத்தபோதும், அவருடைய அப்பா போனபோதும் இந்த மனிதர் வாயிலிருந்து 'முடியல' என்ற சொல் வந்ததில்லை. பொன்னாத்தா அக்காவுக்கு அது மருந்து என்று தெரியாது. இவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஈரோட்டுக்குப் போய்க் குழாய் விட்டுப் பார்த்துவிடலாம் என்றேன்.

"ஒரு வீட்டுல ஒருத்தருக்கு வந்தது போதும். ரெண்டு பேரும் படுத்துட்டா கடைய ஆரு பாக்கறது, புள்ளைய ஆரு பாக்கறது? நீ மொதல்ல நல்லாவு. எனக்கு அப்பறம் பாத்துக்கலாம்."

"அப்பறம்னா எப்பங்க?"

"அப்பறம்."

உள்ளே ரத்தம் கசிந்தால் வெளிக்குக் கருப்பாகப் போகும்; அப்படிப் போகிறதா என்று கேட்டேன். பைக் சாவியை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. கடைக்குத்தான் போனார்.

அழவில்லை. சாப்பிடாமலே கிடந்த தட்டுகளைக் கழுவினேன். இரண்டையும்.

மார்ச் 10, திங்கள்

இரண்டாம் சுற்று மாத்திரைகள் வந்துவிட்டன. நான்கு பெட்டி. நாளைக்கு ஆரம்பிக்க வேண்டும்.

டீ இடைவேளையில் டாக்டர் அருள்மொழிக்குப் போன் செய்தேன். கம்பெனியில் தணிக்கை நடக்கிறது, இந்தச் சுற்றைச் சில நாள் தள்ளி ஆரம்பிக்கலாமா என்று கேட்டேன். என்னுடையது மெதுவான வகை, ஒரு வாரம் தள்ளினால் ஒன்றும் ஆகிவிடாது, ஆனால் அதற்கு மேல் தள்ள வேண்டாம் என்றார். அப்புறம், சொந்தக்காரர் ஒருவருக்காகக் கேட்பதுபோல் இன்னொன்று கேட்டேன். ஐம்பது வயது ஆண், மாதக்கணக்காக அமில மாத்திரை, எடை குறைகிறது, வெளிக்குக் கருப்பாகப் போகிறதா என்றால் பதில் இல்லை. எத்தனை நாளில் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும்?

"நாளைக்கே," என்றார். கொஞ்சம் நிறுத்தி, "அந்தச் சொந்தக்காரரை நீங்களே கூட்டிட்டு வாங்கம்மா. காலைல வெறும் வயித்தோட வரச் சொல்லுங்க" என்றார்.

அவருக்கு என்னவாகவும் இருக்கலாம். வெறும் புண்ணாக இருக்கலாம். என்னுடையதைப் போலவே மாத்திரைக்குச் சுருங்குவதாகக்கூட இருக்கலாம். அம்மாவுடையதைப் போலவும் இருக்கலாம். எதுவென்று தெரியாத வரைக்கும் 'அப்பறம்' என்ற சொல்லுக்கு இந்த வீட்டில் இடம் கிடையாது. அம்மாவுக்கும் ஓர் 'அப்பறம்' இருந்தது.

அண்ணனை விட்டுப் பேச வைத்தால் இவர் வீம்புக்கு நின்றுவிடுவார். சம்யுக்தாவை அழவைத்து இவரை அசைக்க எனக்கு மனமில்லை. கெஞ்சினால் சோடா குடிக்கப் போய்விடுவார். இந்த மனிதரோடு நான் பேசிப் பழகிய மொழி ஒன்றுதான். அதிலேயே பேசப்போகிறேன்.

இரண்டாவது தட்டைத் துடைத்துப் பரண்மேல், அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

நாளை மதியம் ஒரு தட்டு போதும். அவர் சாப்பிட்டு, மிச்சத்தைத் தானே எடுத்துக்கொண்டு எழப் பார்ப்பார். நான் தட்டைப் பிடித்துக்கொள்வேன். அந்த மிச்சத்திலேயே சோறு போட்டுக்கொண்டு, அவர் பார்க்கப் பார்க்கப் பிசைவேன். என் மாத்திரைப் பெட்டிகள் நான்கும் பிரிக்காமல் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். உங்களிடம் இருப்பது எனக்கு வரக்கூடாது என்றால், வண்டியை ஈரோட்டுக்குத் திருப்புங்கள் என்பேன். அதுவரை நான் ஒரு பெட்டியையும் பிரிக்கப்போவதில்லை, இந்தத் தட்டை விட்டு எழவும் போவதில்லை. டாக்டர் எனக்குக் கொடுத்திருக்கும் ஒரு வாரத்தில் இவர் ஒரு நாள்கூடத் தாங்க மாட்டார். எனக்குத் தனித் தட்டு வந்ததைத் தாங்கினார். நோய் ஒட்டிய தன் தட்டில் என் கையைத் தாங்க மாட்டார்.

நாளைக்கு வடகம் பொரிக்க வேண்டும்.